கோடில்லாப் பிடி

ஒரு யானை பக்கவாட்டில் நிற்கிறது. நெற்றியில் தாமரை, காதில் மாங்காய் வடிவம், வயிறு முழுக்கச் சாமந்தி, நான்கு காலிலும் கொலுசு போல மணிவரிசை. துதிக்கை நுனியில் ஒரு பட்டாம்பூச்சி. கண்ணுக்கு மேலே நீண்ட இமைமயிர், வாயில் சிரிப்பு. எல்லாம் கறுப்புக் கோடு, உள்ளே வெள்ளை. இந்த யானையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். திருச்சி சின்னக்கடை வீதியில் ஸ்டேஷனரிக் கடை வாசலில் கிளிப் மாட்டித் தொங்குகிற புத்தகத்தில் அது இருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்துக்கு அருகே, சூயிங்கம்முக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் ஸ்லோகப் புத்தகங்களுக்கும் கோலப் புத்தகங்களுக்கும் நடுவே இப்போது அதுவும் வந்துவிட்டது. கூடவே ஆந்தை, நரி, பூனை, மயில், திமிங்கிலம். எல்லாமே சிரிக்கின்றன.

ஒரே யானை இரண்டு விதமாக விற்கப்படுகிறது. குழந்தைகளுக்கான கலரிங் புக்கில் அதன் உடம்பில் எட்டோ பத்தோ கட்டங்கள். அட்டையில் அறிவு, கற்றல், விரல் பயிற்சி என்று ஏதாவது போட்டிருக்கும். பெரியவர்களுக்கான புத்தகத்தில் அதே உடம்பு நூற்றுக்கணக்கான பொடிக் கட்டங்களாகச் சிதறியிருக்கும். விலை நான்கைந்து மடங்கு. அட்டையில் மன அமைதி. இன்னொரு வித்தியாசமும் உண்டு. குழந்தைப் புத்தகத்தின் அட்டையில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் இருப்பார்கள். பெரியவர்கள் புத்தகத்தின் அட்டையில் மனித உருவம் இருந்தால் அது நகப்பூச்சு போட்ட ஒரு கை, பக்கத்தில் ஒரு காபிக் கோப்பை. வளர வளரப் பையன் எங்கோ போய்விட்டான். பெண் மட்டும் அதே யானையோடு உட்கார்ந்திருக்கிறாள்.

இலக்கியம் படித்தவளுக்கு இதில் என்ன வேலை என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். கடந்த ஒரு வருடத்தில் என் மாணவிகளின் பையிலிருந்து தலை நீட்டிய புத்தகங்களில் நாவலைவிட இவைதான் அதிகம். பெண்கள் காசு கொடுத்து வாங்கி, மடியில் வைத்து, மணிக்கணக்காகப் பார்க்கிற ஒரு புத்தகத்தைப் பற்றி விமர்சனம் எழுதாமல் இருந்தால், எழுத்து இருந்தால்தான் புத்தகம் என்று நாமே சொன்னதாகிவிடும். இது எழுத்தில்லாத புத்தகம். ஆனால் இதற்கும் ஓர் ஆசிரியர் குரல் இருக்கிறது. 'இங்கே நிரப்பு' என்கிற ஒரே வாக்கியத்தைப் பக்கத்துக்குப் பக்கம் அது சொல்லிக்கொண்டிருக்கிறது.

முதலில் கொஞ்சம் வரலாறு. அமெரிக்காவில் மெக்லாக்லின் சகோதரர்கள் என்ற பதிப்பகத்தார் 1880 வாக்கில் குழந்தைகளுக்கான வண்ணம் தீட்டும் புத்தகத்தைப் பிரபலமாக்கினார்கள். பெரியவர்களுக்கான கலரிங் புக் அங்கே வந்தது 1961இல், அதுவும் கேலிப் புத்தகமாக. அலுவலக அதிகாரியின் ஒரே மாதிரி வாழ்க்கையைக் காட்டி, கோட்டுக்குச் சாம்பல் நிறம் அடி என்று கிண்டல் செய்தது அது. அடுத்த வருடம் கென்னடி குடும்பத்தைக் கேலி செய்யும் ஒன்று வந்தது. 1975இல் டீ கோரின் என்ற பெண்ணியக் கலைஞர் பெண்குறிகளின் கோட்டோவியங்களை மட்டும் தொகுத்து ஒரு கலரிங் புக் வெளியிட்டார். தன் உடம்பைக் கண்ணாடியில் பார்க்கவே கூச்சப்படும் பெண்ணின் கையில் கிரேயானைக் கொடுத்து, இதைப் பார், இதற்கு என்ன நிறம் என்று கேட்ட புத்தகம் அது. பிறகு 2013இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜோஹன்னா பாஸ்ஃபர்ட் வரைந்த 'சீக்ரெட் கார்டன்' வந்தது, லட்சக்கணக்கில் விற்றது. மறு வருடம் மில்லி மரோட்டாவின் 'அனிமல் கிங்டம்'. நம் கடைவீதி யானையின் பாட்டி அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறாள். கிண்டலில் தொடங்கி, உடம்பைத் தொட்டு, கடைசியில் அமைதிக்கு வந்து சேர்ந்திருக்கிறது இந்த வகைமை. எனக்கு இந்தப் பயணத்தின் திசை பிடிக்கவில்லை.

அமைதி என்ற சொல்லைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடங்கள். ஆண்கள் 97. இந்த 202 நிமிட வித்தியாசத்தை என்ன செய்வது என்று எந்தக் கலரிங் புக்கும் கேட்பதில்லை. அது கேட்க வேண்டியதில்லைதான், படப்புத்தகம் தொழிற்சங்கம் அல்ல. ஆனால் ஒருத்தியின் களைப்புக்குக் காரணம் அவள் மனசுதான் என்று அட்டையிலேயே எழுதிவிட்டு, மருந்தாக ஓர் ஆந்தையைக் கொடுக்கும்போது, கேட்காத கேள்வியும் அந்த அட்டையில் சேர்ந்தே அச்சாகிவிடுகிறது.

சரி, மருந்து வேலை செய்கிறதா? கொஞ்சம் செய்கிறது. நான்சி கரி, டிம் காசர் என்ற இருவர் 2005இல் 84 கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். முதலில் அவர்களைக் கொஞ்சம் பதற்றப்பட வைத்துவிட்டு, சிலருக்கு மண்டல வடிவம், சிலருக்குக் கட்டம் போட்ட துணி போன்ற வடிவம், சிலருக்கு வெற்றுத்தாள் கொடுத்தார்கள். மண்டலமும் கட்டமும் கிடைத்தவர்களின் பதற்றம் குறைந்தது. வெற்றுத்தாள் கிடைத்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. கலரிங் புத்தகங்களின் பெருமையைச் சொல்ல இந்த ஆய்வை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். நான் அதன் கடைசி வரியில் நின்றுவிடுகிறேன். வெற்றுத்தாள் ஏன் ஒருவரை ஆற்றுவதில்லை?

முதுகலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒரு மதியம் பாதிப் பேருக்கு அந்த யானைப் பக்கத்தையும் மீதிப் பேருக்கு வெள்ளைத்தாளையும் கொடுத்தேன். ஆய்வெல்லாம் இல்லை, மழை பெய்துகொண்டிருந்தது, பாடம் நடத்த மனம் வரவில்லை. யானை கிடைத்தவர்கள் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிட்டார்கள். வெள்ளைத்தாள் கிடைத்தவர்கள் முதலில் பக்கத்துத் தாளைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். கடைசியில் வரைந்தவை இரண்டே வகைதான். ஒன்று கோலம். இன்னொன்று, பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரிந்த காட்சி: இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஓட்டு வீடு, தென்னை மரம், எம் எழுத்து மாதிரிப் பறவைகள். ஒரு மாணவி சொன்னாள்: "கட்டம் இருந்தா நிம்மதியா இருக்கு மேடம். வெறுந்தாளைக் குடுத்தா பரீட்சை ஹால்ல உக்காந்த மாதிரி இருக்கு." அவள் சொன்னதில் பொய் இல்லை. என்ன படிப்பு, எந்தக் கல்லூரி, எத்தனை மணிக்குள் வீடு, யாருடன் பேசலாம் என்று எல்லாக் கோட்டையும் வேறு யாரோ போட்டுக்கொடுத்து வளர்ந்த ஒருத்திக்கு, கோடு போட்டுக்கொள் என்பது தண்டனை மாதிரிதான் தெரியும். கட்டம் தருகிற நிம்மதி உண்மையானது. அந்த நிம்மதியை ஊட்டியது யார் என்பதுதான் என் கேள்வி.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் எழுந்து, இதெல்லாம் நமக்குப் புதிதா, நம் பெண்கள் காலங்காலமாகக் கோலம் போட்டவர்கள், அவர்களுக்குக் கோட்டைக் கடன் வாங்க வேண்டியதில்லை என்பார். மேடைகளில் கைதட்டல் வாங்கும் வாக்கியம். முழுப் பொய்யும் இல்லை. மார்கழியில் சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் விடியற்காலை நடந்தால், அச்சில் பார்க்கிற எந்த மண்டலத்தையும்விடச் சிக்கலான கோடு தரையில் இருக்கும். புள்ளியைச் சுற்றிக்கொண்டு, எடுத்த கை எடுக்காமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சிக்குக் கோலத்தில் ஒரு கணிதம் இருக்கிறது. 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் கோலத்தைக் கணினியியலின் உருவ இலக்கணத்தோடு இணைத்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மூவரில் இருவர் பெண்கள். ஆண்டாளை எடுத்துக்கொண்டால் நாச்சியார் திருமொழியின் முதல் பதிகத்திலேயே அவள் மணலால் தெருவை அலங்கரிக்கிறாள், அதுவும் காமனை வேண்டி. இரண்டாவது பதிகம் முழுக்க, தாங்கள் கட்டிய மணல் சிற்றிலை வந்து கலைக்காதே என்ற முறையீடு. பெண் இழைக்கும் வரியும் அதை மிதிக்க வரும் காலும் தமிழ்க் கவிதையில் எப்போதோ சேர்ந்துவிட்டன.

ஆனால் பெருமைக்காகக் கோலத்தை எடுக்கிறவர்கள் அதன் பின்பக்கத்தைப் பார்ப்பதில்லை. கோலம் போடுவது விருப்பமாக இருந்ததைவிடக் கடமையாக இருந்ததுதான் அதிகம். எத்தனை மணிக்கு எழுந்தாள் என்பதற்கு அது தெருவுக்கே தெரியும் சாட்சி. வாசல் வெறிச்சென்று இருந்தால், வீட்டில் சாவு அல்லது மருமகள் சரியில்லை. மாதத்தில் மூன்று நாள் அவள் கை வாசலைத் தொடக்கூடாது. வண்ணம் தீட்டுவதற்கும் அந்தத் தீட்டுக்கும் தமிழில் ஒரே ஒலி என்பதைச் சொல்லெண்ணிப் பார்க்கும் என் தொழில் காரணமாக என்னால் கடந்து போக முடியவில்லை. கலரிங் புக்குக்கு அந்த மூன்று நாள் கணக்கு கிடையாது. அதை யாரும் வாசலில் விரித்து வைப்பதில்லை. பாதியில் மூடலாம், ஆறு மாதம் கழித்துத் திறக்கலாம், யானைக்குப் பச்சை அடித்தால் மாமியார் கேட்கமாட்டார். பெண்ணின் கைவேலை என்று நாம் கொண்டாடுகிற சமையல், தையல், பூத்தொடுத்தல், கோலம் எல்லாமே வீட்டுக்கோ சாமிக்கோ போய்ச்சேரும். யாருக்கும் போய்ச்சேராத, எதற்கும் பயன்படாத ஒரு வேலையைப் பெண் செய்வது இந்த ஊரில் அரிது. இந்தப் புத்தகத்தின் பக்கம் நான் நிற்பதென்றால் இந்த ஒரு காரணத்துக்காகத்தான் நிற்பேன்.

இன்னொன்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் ஓட்டு வீடுகளும் மாடி வீடுகளும் இடிந்து அடுக்குமாடிகள் வந்தபிறகு, வாசல் நான்கு சதுர அடியாகிவிட்டது. பல வீடுகளில் ஸ்டிக்கர் கோலம். மார்கழிக்கு மட்டும் அசல் கோலம் வேண்டுமென்றால், பாத்திரம் தேய்க்க வருகிறவரே ஒரு மாதத்துக்குக் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு போட்டுக்கொடுக்கிறார். நான் குடியிருக்கும் கட்டடத்தில் அப்படி ஒருவர் ஐந்து தளங்களில் ஒன்பது வாசலுக்குப் போடுகிறார். ஒன்பதும் வேறு வேறு. புத்தகம் பார்ப்பதில்லை. மேல் வீட்டில் ஒருவர் மன அமைதிக்காக ஆந்தைக்கு வண்ணம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, கீழே குனிந்து கோடு இழுக்கிறவருக்கு அது கூலிவேலை. கோடு போடத் தெரிந்த கைக்கு உட்கார நேரமில்லை, உட்கார நேரமுள்ள கைக்குக் கோட்டை விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. பெண்கள் என்று பொதுவாகச் சொல்லிக் கட்டுரை எழுதுவது எனக்கு இந்த மாடிப்படியில்தான் ஒவ்வொரு முறையும் தடுக்குகிறது.

யானைக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் கலரிங் புக் யானையைப் பார்க்க திருச்சியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. இங்கே யானையின் மேலேயே வண்ணம் தீட்டுகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் ஆண்டாள், திருவானைக்காவலில் அகிலா, மலைக்கோட்டையில் லட்சுமி. நெற்றியில் நாமமோ பட்டையோ, காதோரம் சாக்பீஸால் பூ, விழா நாளில் முகபடாம், கழுத்தில் மணி, காலில் கொலுசு. கொலுசுக்குப் பக்கத்திலேயே சங்கிலி. மூன்றும் பெண் யானைகள். மூன்றுக்கும் தெய்வப் பெண்களின் பெயர். தமிழகக் கோயில்களில் நிற்பவை பெரும்பாலும் பெண் யானைகள்தான். மதம் பிடிக்காது, சொன்னதைக் கேட்கும் என்பது காரணம். இந்தக் காரணத்தை வேறு எங்கே கேட்டிருக்கிறோம் என்று என் வகுப்பில் கேட்டால் சிரிப்பு வரும், பிறகு கொஞ்ச நேரம் சத்தம் வராது.

பழந்தமிழில் யானையின் தந்தத்துக்குப் பெயர் கோடு. மரக்கிளையும் கோடு, மலையுச்சியும் கோடு, வளைவதும் நீதி தவறுவதும் கோடுதல். பெண் யானை பிடி. ஆசியப் பிடிக்கு வெளியே நீண்டு தெரியும் தந்தம் கிடையாது. இனி கடைவீதி யானையைப் பாருங்கள்: நீண்ட இரண்டு தந்தமும் இருக்கிறது, இமைமயிரும் இருக்கிறது. ஆணின் கோடும் பெண்ணின் சிங்காரமும் ஒரே உடம்பில். வரைந்தவருக்கு இதில் உள்நோக்கம் எதுவும் இருந்திருக்காது. அழகு என்றால் இமைமயிர், யானை என்றால் தந்தம், அவ்வளவுதான். நான் வாங்கிய மலிவுப் புத்தகம் ஒன்றில் யானைக்கு ஐந்து கால் இருந்தது. வரைந்தவர் பெயர் எங்குமே இல்லை. கணினி நிரல் வரைந்து தள்ளியதாகவே இருக்க வேண்டும். வண்ணம் தீட்டுகிறவள் ஐந்தாவது காலையும் சேர்த்துத்தான் தீட்டிக்கொண்டிருப்பாள்.

தொல்காப்பியத்தின் கடைசி இயலான மரபியல் விலங்குகளின் இளமைக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பெயர்களைத் தொகுக்கிறது. பிடி, பிணை, மந்தி, பேடை, அளகு, நாகு. வகைபிரிப்பதில் ஆதிக்கம் உண்டு என்று வாதாடலாம், நானே வாதாடியிருக்கிறேன். ஆனாலும் பிணை என்று சொல்லும்போது ஒரு குறிப்பிட்ட மான் நிற்கிறது. கலரிங் புக்கில் மான் இல்லை, மான் வடிவத்தில் ஒரு பூந்தட்டு இருக்கிறது. குழந்தைகளின் தமிழ் எழுத்துப் புத்தகத்திலும் பாருங்கள்: அணில், ஆடு, எலி, ஒட்டகம் என்று வண்ணம் தீட்டிக்கொண்டே வருகிற பிள்ளைக்கு ஒட்டகத்துக்கும் ஓடத்துக்கும் பிறகு ஔவை வருவாள். கையில் கோலோடு, கூன் போட்டு, வெள்ளைச் சேலையில். அந்த வரிசையில் பெயரோடு வருகிற ஒரே பெண், அதுவும் ஒரு கவிஞர், ஒட்டகத்தின் பக்கத்து வீட்டில் நிறத்துக்காகக் காத்திருக்கிறார். மூன்று வயதில் நான் அவருக்கு என்ன நிறம் கொடுத்தேனோ, நினைவில்லை.

நம் ஊர்க் கதைகளில் வரும் விலங்குகளுக்குக் கோபம் உண்டு. உறையூருக்குக் கோழியூர் என்று பெயர் வந்தது யானையை எதிர்த்து வென்ற கோழியால் என்கிறார்கள். அங்கே கோயில் கொண்டிருப்பவரோ ஐந்து நிறத்தவர், பஞ்சவர்ணேசுவரர். திருவானைக்காவல் தலபுராணத்தில் சிலந்தி லிங்கத்துக்கு மேலே சருகு விழாதபடி தினமும் வலை பின்னுகிறது, யானை தினமும் அதைக் குப்பை என்று அழிக்கிறது. கடைசியில் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடித்துவிடுகிறது, இரண்டும் சாகின்றன. தினமும் இழை போட்டு, தினமும் அது அழிக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் உயிர் ஒரு நாள் பொறுக்கவில்லை. சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் குதிரைகள் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு பாய்கின்றன, ஒன்றின் முகத்திலும் சிரிப்பு இல்லை. கலரிங் புக்கின் விளையாட்டுத்தனம் என்பது இந்தக் கோபத்தைக் கழித்துவிட்ட மீதி. கடிக்காத நரி, பிறாண்டாத பூனை, எலி தின்னாத ஆந்தை. நம்மிடம் சிரித்த முகமாக இரு என்று சொன்னவர்கள் எல்லாம் நினைவுக்கு வருகிறார்கள்.

என் பெரியம்மாவுக்கு எழுபத்தொரு வயது. உத்தர வீதியில் ஐம்பது வருடம் குனிந்து கோலம் போட்டவர், முழங்கால் அறுவைக்குப் பிறகு குனிய முடியவில்லை. பேரன் விட்டுப்போன ஸ்கெட்ச் பேனாக்களை வைத்துக்கொண்டு மதிய நேரத்தில் கலரிங் புக்கோடு உட்காருகிறார். நான் போனபோது அந்த யானைப் பக்கம் முடிந்திருந்தது. பூக்களுக்கு எல்லாம் ஒழுங்காக நிறம் கொடுத்துவிட்டு, பின்னங்காலிலிருந்து பக்கத்தின் ஓரம் வரை கறுப்பு மையால் தானாக ஒரு சங்கிலி வரைந்திருந்தார். கண்ணி கண்ணியாக, சிக்குக் கோலம் போடுகிற அதே லாகவத்தில். இது என்ன பெரியம்மா என்று கேட்டேன். "பின்ன? கட்டாம விட்டா நிக்குமாடி?" என்றார். இதை எதிர்ப்பு என்று எழுதினால் என் கட்டுரைக்கு வசதி. ஆனால் அவர் எதிர்த்ததாகத் தெரியவில்லை. கோயில் வாசலில் தினம் பார்த்ததைச் சரியாகப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். படத்தில் விட்டுப்போனது அவர் கண்ணுக்கு விட்டுப்போனதாகத் தெரிந்திருக்கிறது. ஐம்பது வருடம் வாசலில் இழுத்த கோடு அந்தச் சங்கிலியில் வெளியே வந்திருந்தது. திருச்சி மாவட்டம் எம்.ஆர்.பாளையத்தில் வனத்துறை நடத்தும் யானைகள் மறுவாழ்வு மையத்தைப் பற்றிச் சொன்னேன். 2019இல் மீட்ட மூன்று பிடிகளும் அங்கேதான் வந்து சேர்ந்தன என்று சொன்னேன். "அங்க யாரு குளிப்பாட்டுவா?" என்று மட்டும் கேட்டார்.

இதுவரை நான் நிரப்புதலைச் சின்ன வேலை போலவே பேசிவந்திருக்கிறேன்: கோடு போடுகிறவர் படைப்பாளி, நிரப்புகிறவர் எடுபிடி என்று. இந்தப் படிநிலை எல்லா மரபிலும் இப்படியே இல்லை. மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியங்களில் மானின் வெளிக்கோடு முக்கியம்தான், ஆனால் யார் வரைந்தது என்று கண்டுபிடிக்க உள்ளே பார்க்க வேண்டும். புள்ளி, பிறை, விதை, சங்கிலி என்று உடம்பை நிரப்ப ஒவ்வொருவருக்கும் ஒரு தனி வடிவம் உண்டு. அதுதான் கையெழுத்து. சென்னையின் தாரா புக்ஸ் 2006இல் வெளியிட்ட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' என்ற புத்தகத்தில் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி மூவரின் மரங்களும் விலங்குகளும் இருக்கின்றன. கறுப்புத் தாளில் கையால் அச்சிட்டவை. இரண்டு மூன்று பக்கம் பழகிவிட்டால், பெயரைப் பார்க்காமலே இது துர்கா பாயுடையது என்று சொல்லிவிடலாம். சிறு வயதில் வீட்டுச் சுவரிலும் தரையிலும் டிக்னா என்ற கோலத்தைப் போடக் கற்றுக்கொண்டு அங்கிருந்து வந்தவர் அவர்.

பீகாரின் மிதிலை ஓவியத்தில் இரண்டு பாணிகளுக்குப் பெயரே பர்னி, கச்னி. பர்னி என்றால் நிரப்புவது, கச்னி என்றால் கோட்டால் ஆவது. முதலாவதைப் பிராமணப் பெண்களோடும் இரண்டாவதைக் காயஸ்தப் பெண்களோடும் சேர்த்துச் சொல்வார்கள். நிரப்புவதும் கோடு போடுவதும் அங்கே சாதிக்குள் போய் உட்கார்ந்திருந்தன. அந்த வீடுகளில் ஒன்றில் வீட்டுவேலைக்குப் போன மீனவச் சமூகப் பெண் துலாரி தேவி, பெருக்கித் துடைத்த இடத்திலேயே பார்த்துப் பழகி ஓவியரானார். 2021இல் பத்மஸ்ரீ வந்தது. எங்கள் கட்டடத்தில் ஒன்பது வாசலுக்குக் கோலம் போடுகிறவரிடம் துலாரி தேவியின் கதையைச் சொன்னபோது, அவர் அந்த அம்மாவுக்கு மாதம் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரிந்திருக்கவில்லை.

இந்த ஓவியங்களைப் பார்த்த கண்ணோடு கடைவீதி யானைக்குத் திரும்பினால், அதில் எனக்கு உறுத்துவது என்னவென்று தெளிவாகத் தெரிகிறது. வெளிக்கோட்டை மட்டும் போட்டுக்கொடுத்திருந்தால் பரவாயில்லை. உள்ளே போடவேண்டிய பூவையும் மணியையும் பிறையையும், எது ஒருத்தியின் கையெழுத்தாக ஆகியிருக்கக்கூடுமோ அதையும், முன்கூட்டியே போட்டு முடித்துவிட்டார்கள். நமக்கு விட்டுவைத்தது நிறம் மட்டும். நூற்றுக்கணக்கான கட்டம் கொடுத்ததைத் தாராளம் என்று நினைக்கிறோம். கட்டம் கூடக்கூட நம் கைக்கு இடம் குறைந்துகொண்டே வருகிறது.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அதே வகுப்புக்கு வெறும் வெளிக்கோடாக ஒரு யானையைப் பிரதி எடுத்துக்கொடுத்தேன். தந்தம் இல்லை, இமைமயிர் இல்லை, வாய் மூடியிருந்தது. நிறம் கூடாது, பேனா மட்டும், உங்கள் வீட்டில் தினமும் திரும்பத் திரும்ப நடக்கிற எதையாவது வைத்து நிரப்புங்கள் என்றேன். முதல் பத்து நிமிடம் பழையபடி பக்கத்துத் தாளைப் பார்த்தல். பிறகு குனிந்தார்கள். ஒருத்தி பஸ் டிக்கெட் எண்களால் நிரப்பினாள். விடுதியில் இருக்கிற ஒருத்தி, வெளியே போன நேரம், உள்ளே வந்த நேரம், கையொப்பம் என்று அவுட்பாஸ் நோட்டையே யானையின் வயிற்றில் எழுதிவிட்டாள். ஒருத்தி அதிலும் கோலம் போட்டாள், நன்றாகவே இருந்தது.

கடைசி பெஞ்சில் ஒரு பெண். அவள் அம்மா வீட்டிலேயே செயற்கை வைரக்கல் பட்டை தீட்டுகிறார், திருச்சியின் பல தெருக்களில் பெண்கள் செய்கிற வேலை. யானையின் காதிலிருந்து தொடங்கி, சின்னச் சின்னக் கற்களாக, ஒவ்வொரு கல்லுக்குள்ளும் முக்கோணம் முக்கோணமாகப் பட்டைகளை வரைந்துகொண்டு வந்தாள். எத்தனை பட்டை என்று கேட்டேன். நிமிராமல் எண்ணிக்கையைச் சொன்னாள். ஒரு கல்லில் தவறியதை அடித்துவிட்டு, அந்தக் கல்லுக்குக் காசு கிடையாது மேடம் என்றாள். முதுகு வரைக்கும் வந்திருந்தபோது மணி அடித்தது. தாளை என்னிடம் தரவில்லை, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.